பூச்சு ஒதுங்கிய இடம்

"கையக் காட்டு" என்கிறார். காட்டினால் மட்டும் விடமாட்டார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். பிறகு காதோரம், பிறகு கூந்தல் நுனி. காலை ஷிப்டுக்கு வரும் பெண்கள் பூச்சறைக் கதவுக்கு வெளியே வரிசையாக நின்று, ஊசி போட்டுக்கொள்ள வந்த குழந்தைகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தலைக்கு ஒன்றும் தடவவில்லை, வெறும் தண்ணீர்தான் என்கிறாள் ஒருத்தி. "தண்ணி இப்படி மினுக்குமாடி? போய் அலசிட்டு வா." அவள் போகிறாள். பாதி நாள் ஈரத் தலையோடு வேலை பார்ப்பாள். ஜலதோஷம் பிடித்தால் அது அவள் பாடு.

பூச்சறைக்குப் பொறுப்பான அவரை மூக்கக்கா என்றுதான் எல்லோரும் சொல்வோம், அவர் காதில் விழாமல். நான் எதிரே பேக்கிங்கில் இருக்கிறேன். நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அவர் திட்டுவது கேட்காது, வாய் அசைவது தெரியும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

இங்கே ஹெல்மெட்டுக்கு முன்கண்ணாடி செய்கிறோம். கண்ணாடி என்பது பேச்சுக்குத்தான், பிளாஸ்டிக். நகம் பட்டாலே கீறல் விழும் என்பதால் அதன்மேல் ஒரு பூச்சு. தெளிந்த திரவம் நிறைந்த தொட்டியில் முக்கி, மெதுவாக, மிக மெதுவாகத் தூக்கினால், தலைமுடியைவிட மெல்லிய படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அடுப்புக்குள் போய் இறுகும்வரை அதற்கு ரோஷம் அதிகம். கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு எங்காவது இருந்துவிட்டால், ஈரப்படலம் அந்த இடத்தில் நிற்காது, விலகி ஒதுங்கிக்கொள்ளும். நடுவே குழி விழும். அப்படியே இறுகிவிட்டால் அப்புறம் கடவுளாலும் சரிசெய்ய முடியாது. கைக்குப் பூசும் கிரீமிலும் கூந்தலுக்குப் பூசும் பளபளப்பு எண்ணெயிலும் வழுவழுப்புக்காக ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதுதான் பூச்சுக்குப் பரம எதிரி. ஒரு துளி போதும், ஒரு தட்டு முழுக்கக் குப்பைக்குப் போகும்.

அக்காவுக்குப் பூச்சோடு பேசும் வழக்கம் உண்டு. தொட்டியிலிருந்து ஏறும் கண்ணாடியிடம் "ஒட்டு, ஒட்டித் தொலை" என்பாராம். மின்விசிறியைத் திட்டுவார், அடுப்புக் கதவைத் திட்டுவார், மேனேஜர் போன பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலியைத் திட்டுவார். மற்ற பெண்கள் கையுறை இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அவர் மட்டும் வெறுங்கை. ஸ்பிரிட் நனைத்த துணியால் கடைசியாகத் துடைப்பது அவர் வேலை. "கையுறை போட்டா பிசிறு தெரியாதுடி. என் விரலு பொய் சொல்லாது." அந்த விரல்களை ஸ்பிரிட் தின்றிருந்தது. வெடித்து, சில நாள் ரத்தம்கூடக் கசியும். மருந்து பூசச் சொன்னால், பூசிக்கொண்டு உன் கண்ணாடியை நீயே துடை என்று கத்துவார்.

ஒரு மாதத்துக்கு முன் குழி விழ ஆரம்பித்தது. ஒன்றிரண்டு இல்லை, தட்டுத் தட்டாக. அக்கா எல்லோரையும் மோந்தார். கண்ணாடிகளைக் கிளிப்பில் மாட்டுகிற ஒரு பெண்ணிடம் மூக்கு நின்றது. கைக்குழந்தைக்காரி. குழந்தைக்குப் போட்ட பவுடர் வாசனைதான், நான் எதையும் பூசவில்லை என்று அவள் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். அக்கா கேட்கவில்லை. மேனேஜருக்கு யாரையாவது கைகாட்டினால் போதும் என்றிருந்தது. அன்றே மேனேஜர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அதோடு விட்டாரா? ஒரு அட்டையில் அவள் போட்டோவை ஒட்டி, விதியை மீறிச் சரக்கைக் கெடுத்ததாக எழுதி, வெளிக் கேட்டில் தொங்கவிட்டார். இந்தத் தெருவில் எல்லாம் தொழிற்சாலைகள். வேலை கேட்டு அவள் எந்தக் கேட்டுக்குப் போனாலும், எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு இடத்தில் முகத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் என்ன கிழித்தேன்? ஒன்றுமில்லை.

அவள் போன பிறகும் குழி நிற்கவில்லை. அக்கா இன்னும் வெறி பிடித்தவர்போல் மோந்தார். போன வாரம் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. அந்த நாட்களில் ஒரு குழிகூட இல்லை. திரும்பி வந்தார், குழியும் கூடவே வந்தது. எல்லோருக்கும் புரிந்தது. யார் வாயைத் திறப்பது?

அவருக்கே புரிந்துவிட்டது. நேற்றுக் காலை யாரையும் மோக்காமல் நேரே மாடிக்கு, மேனேஜர் அறைக்குப் போனார். கழித்துப் போட்ட தட்டோடு நான் அங்கே நின்றிருந்தேன். விரல் வெடிப்பு கொஞ்ச நாளாக எரியவே இல்லை என்பது முந்தின நாள் மாலைதான் உறைத்ததாம். வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி எதிரில் குரல் எழும்பாத மனிதர். அவர் சொன்னதை அக்கா அப்படியே சொன்னார்.

"நீ அசந்து தூங்கினப்புறம் விரலுக்குக் கிரீம் தடவுவேன். முழிச்சிருந்தா விடுவியா நீ? மோந்து கண்டுபிடிச்சிடுவியேன்னு வாசனை இல்லாததா பார்த்து வாங்கினேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியாது.

"இதையெல்லாம் வெளிய பேசாதீங்கம்மா. அந்தப் பொண்ணு போனது போனதுதான். நீங்க இனி கையுறை போட்டுக்குங்க, முடிஞ்சுது."

"கேட்டுல அவ மூஞ்சி தொங்குது சார்."

"நாலு மழை பேஞ்சா தானா கிழிஞ்சு விழும்."

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். அவரோ கீழே இறங்கி வந்தார். பையிலிருந்து அந்தக் கிரீமை எடுத்து, எல்லோரும் பார்க்க வலது உள்ளங்கையில் நன்றாகப் பூசினார். புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்து நடுவில் கையை வைத்து அழுத்தினார். பிறகு கிளிப்பில் மாட்டித் தொட்டியில் முக்கினார்.

கண்ணாடி மெல்ல மேலே வந்தது. பூச்சு சமமாகத்தான் ஏறியது. பிறகு ஒவ்வொரு விரல் நுனியிலிருந்தும் விலகத் தொடங்கியது. ஐந்து விரல், உள்ளங்கை என்று எல்லா இடத்தையும் விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. கை மட்டும் வெற்றிடமாகத் தெரிந்தது. அப்படியே அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். அது இறுகி வரும்வரை அடுப்பின் முன்னாலேயே நின்றார். மேனேஜர் மாடிப்படியில் நின்று என்னவோ சொன்னார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே எடுத்ததும் முந்தானையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பின்னால் போனோம். அட்டையைக் கம்பியிலிருந்து கழற்றி, போட்டோவைக் கிழியாமல் பிரித்தெடுத்து ரவிக்கைக்குள் வைத்தார்.

"யாரு கேட்டாலும் இது மூக்கக்கா கைன்னு சொல்லு" என்றார் காவலாளியிடம். அந்தப் பெயர் அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

பிறகு சூடு ஆறாத கண்ணாடியை அட்டை தொங்கிய அதே கம்பியில் மாட்டி, பழைய வெடிப்பு பிளந்து ரத்தம் வரும்வரை கம்பியை முறுக்கினார்.