இரண்டு படிவங்களும் மூன்று ஆட்களும்

2007 செப்டம்பர் 12, புதன்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடம். விடியற்காலை பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. கடற்காற்று அதைச் சாய்த்து எங்கள் மூன்றாம் மாடிப் பலகணிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் காயாத துணிகளை நான் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தபோது, கீழே ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. எங்கள் தொடர்மாடியின் இலக்கத்தைப் பார்த்தான், கையிலிருந்த கடதாசியைப் பார்த்தான், எதிரே இருந்த பலசரக்குக் கடைக்குள் போனான். நான்கு நிமிடம் உள்ளே நின்றான். வெளியே வந்ததும் அண்ணாந்து எங்கள் மாடியைப் பார்த்தான். நான் கொடியில் தொங்கிய ஈரச் சாரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அவன் காலி வீதிப் பக்கம் திரும்பி மறைந்தபிறகுதான் கீழே இறங்கினேன். கடைக்காரர், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மனிதர், எனக்குப் பத்து வருடப் பழக்கம். என்னைக் கண்டதும் சீனி நிறுப்பதை நிறுத்தினார்.

“ஐயா, ஒங்கட மகன்ட முழுப் பேரையும் சொல்லிக் கேட்டான். இங்கதான் ஈக்கிறாரா, எத்தன வருஷம், வீட்ல எத்தன பேர், வேலக்கிப் போறாரா, எத்தன மணிக்கி வருவாரெண்டு எல்லாம் கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? நல்ல புள்ளெண்டு சொன்னேன்.”

“ஆரெண்டு நீங்க கேக்கேல்லையா?”

“கேட்டேனே. சும்மா ஒரு விசயமெண்டான். சும்மா விசயத்துக்கு ஆரு ஐயா மழைல வார?”

யுத்தம் நடந்த அந்த வருடம் வெள்ளவத்தையில் இப்படி ஒருவன் வந்து விசாரித்துவிட்டுப் போனால் அதற்கு என்ன பொருள் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பையனை வான் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்னும் யாரோ வந்து அவன் வீடு திரும்பும் நேரம் கேட்டுப் போனதாகச் சொன்னார்கள். என் மகனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. பிறந்த இடம் என்று அடையாள அட்டையில் இருந்தது யாழ்ப்பாணம்.

மனைவிக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். முகத்தில் மறைக்கத் தெரியாததால் சொன்னேன்.

“நீங்கள் பேப்பருக்கு ஏதும் எழுதிக் கிழுதிப் போட்டியளோ?” என்று கேட்டாள்.

“பஸ் கட்டணத்தைப் பற்றித்தானே எழுதினனான்.”

“பஸ் ஆரின்ர? அரசாங்கத்தின்ரதானே?”

மாலையில் மகன் வரும் நேரம் ஆறு இருபது. அன்று ஆறு முப்பத்தொன்றுக்கு வந்தான். பதினொரு நிமிடத்தில் அவள் சுவாமிப் படத்துக்கு இரண்டு தடவை கற்பூரம் கொளுத்திவிட்டாள்.

அந்த நாட்களில் என் மனத்தில் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மகள் லண்டனில் இருந்தாள். அவளுடைய பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது, நாங்கள் தூக்கவில்லை. என் ஓய்வூதியத்தில் இரண்டு பேர் லண்டன் போய் வருவது நடக்கிற காரியமல்ல. அப்போதுதான் விமான மைல் தரும் கடனட்டைகள் பற்றிய விளம்பரங்கள் கண்ணில் பட்டன. கடையில் சாமான் வாங்கினால் மைல் சேரும், சேர்ந்த மைலுக்கு விமானச் சீட்டு தருவார்கள். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்து பொதி எண்ணியவன் நான். இலவசம் என்று எழுதியிருப்பதை எண்ணிப் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மூன்று வங்கிகளின் அட்டைகளை எழுதினேன். முதலாவது, நூறு ரூபாவுக்கு ஒரு மைல், ஆண்டுக் கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு. இரண்டாவதுக்கு முதல் வருடம் கட்டணம் இல்லை, ஆனால் நூற்றைம்பது ரூபாவுக்குத்தான் ஒரு மைல், அதுவும் இரண்டு வருடத்தில் காலாவதி. மூன்றாவது விமான நிலையத்தில் இலவசமாக இருத்தி வைத்துக் கோப்பி தருமாம். கோப்பிக்காக ஐயாயிரம் கட்டணம் கட்ட முடியாது என்று அதை வெட்டிவிட்டேன். லண்டன் போய்வர ஒரு ஆளுக்கு அறுபதாயிரம் மைல் வேண்டும். அட்டையில் வாங்கக்கூடிய வீட்டுச் செலவு மாதம் இருபத்தையாயிரம். மாதத்துக்கு இருநூற்றைம்பது மைல். அப்படியென்றால் ஒரு ஆளுக்கே இருநூற்று நாற்பது மாதம், இருபது வருடம். எனக்கு அறுபத்தொன்பது வயது. மகனின் கலியாணச் செலவை அட்டையில் போட்டால் ஒரு பன்னீராயிரம் மைல் ஒரேயடியாக ஏறும் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். அவனுக்குப் பெண்ணே பார்த்திருக்கவில்லை.

ஓய்வூதியக்காரனுக்கு அட்டை தரமாட்டார்களாம். சம்பளம் உள்ளவன் மகன்தான். ஆகவே மிச்சமிருந்த இரண்டு வங்கிக்கும் அவன் பெயரில் நானே படிவம் நிரப்பினேன். முதலாவது தராவிட்டால் இரண்டாவது தரட்டும் என்பது என் எண்ணம். அவன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே வாசிக்காமல் இரண்டிலும் ஒப்பமிட்டான். அது செப்டம்பர் மூன்றாம் தேதி. படிவம் கொடுத்தால் வங்கி வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் காலத்தில் நாங்கள்தான் வங்கியைத் தேடிப் போனோம், அது எங்களைத் தேடி வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணி ஐந்துக்கு இரண்டாமவன் வந்தான். இவன் மாடியேறியே வந்தான். எங்கள் கதவைத் தட்டவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே இருந்த பெண்ணிடம் ஒரு கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு கதைத்தான். கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்து நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் போனதும் எதிர்வீட்டுப் பெண் எங்கள் கதவை விரலால் மெதுவாகச் சுரண்டினாள்.

“அன்ரி, தம்பியைப் பற்றித்தான் கேட்டவன். சொந்த வீடோ வாடகையோ எண்டும் கேட்டவன். எனக்குத் தெரியாதெண்டு சொல்லிட்டன்.”

தெரியாது என்று சொன்னது நல்லதா கெட்டதா என்று நானும் மனைவியும் அன்று இரவுச் சாப்பாடுவரை விவாதித்தோம்.

மூன்றாமவன் திங்கட்கிழமை பதினேழாம் தேதி, பின்னேரம் ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தான். அவனை நான் பார்க்கவில்லை. எங்கள் தொடர்மாடிக் காவலாளி, வயதான சிங்களவர், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னதுதான்.

“மாத்தயா, இன்னொரு ஆள் வந்தது. தம்பி கேட்டது. தம்பி பஸ்ஸிலயா வாறது, த்ரீவீல்லயா வாறது கேட்டது.”

“மோட்டார் சைக்கிளா?”

“இல்ல, நடந்து. பைல் இல்ல, ஒண்டும் இல்ல. கடல் பக்கம் போனது.”

உடனே அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மகன் புறப்பட ஆயத்தமாக இருந்தான். வீட்டுக்கு வராதே, நேரே கொட்டாஞ்சேனைக்குப் போ என்றேன். கொட்டாஞ்சேனையில் மனைவியின் தங்கை இருந்தாள். அவன் ஏன் என்று கேட்டான். தொலைபேசியில் சொல்ல முடியாது என்றேன். அந்த வருடத்தில் அந்தப் பதில் போதும்.

மறுநாள் காலை நான்கு சட்டை, இரண்டு காற்சட்டை, அவனுடைய இருமல் மருந்து எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். மூன்றாவது இடத்தில் நின்ற சிப்பாய் சட்டைகளை எடுத்து உயர்த்திப் பார்த்து, சிங்களத்தில் தாத்தா முறை வைத்து, “சீயா, இது உங்கள் அளவில்லையே,” என்றான். மகனுடையது, தைக்கக் கொண்டு போகிறேன் என்றேன். அவன் சிரித்துப் போகச் சொன்னான். அதற்குப் பிறகு ஐந்து தரிப்பிடம்வரை நான் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்கு இன்னொரு பயம் காத்திருந்தது. வெள்ளவத்தைப் பொலிசில் எங்கள் வீட்டில் இருப்போர் மூன்று பேர் என்று பதிந்து முத்திரை குத்திய பத்திரம் என்னிடம் இருந்தது. மனைவியின் தங்கை வீட்டுப் பத்திரத்தில் நான்கு பேர். மகன் அங்கே ஐந்தாவது ஆள், பதிவில்லாதவன். சுற்றிவளைப்பு வந்தால் அங்கிருந்து பிடித்துக்கொண்டு போக அதுவே போதும். பதியப் போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். வீட்டில் இருந்தால் ஒரு பயம், இல்லாவிட்டால் வேறொரு பயம்.

மனைவியின் தங்கைக்கு என் மைல் கணக்கு தெரியும். அவளையும் தன் சாமான்களை அந்த அட்டையில் வாங்கச் சொல்லி நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

“அத்தான், வெள்ளவத்தையிலயிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓடி வந்ததுக்கு எத்தினை மைல் குடுப்பினம்?” என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு மகன் அலுவலகத்திலிருந்து அழைத்தான். சிரிப்பில் அவனால் கதைக்க முடியவில்லை.

“அப்பா, பாங்கில இருந்து எடுத்தவை. விலாசம் பார்த்து முடிஞ்சுதாம், அட்டை வந்து எடுக்கட்டாம். அது பாங்க் ஆக்களப்பா! நீங்கள் போட்ட படிவத்துக்கு வந்தவங்கள்!”

“எத்தினை பேர்?”

“என்ன எத்தினை பேர்?”

“எத்தினை பேரை அனுப்பினவை எண்டு கேட்டனியோ?”

அவன் கேட்கவில்லை. நான் கேட்டேன். முதலாவது வங்கிக்கு எடுத்தேன், பன்னிரண்டாம் தேதி ஆள் அனுப்பியதாகச் சொன்னார்கள். இரண்டாவது வங்கியில் ஒரு பெண் பிள்ளை கோப்பைத் தேடி எடுத்துச் சொன்னது, பதினான்காம் தேதி.

“பதினேழாம் தேதியும் ஆள் வந்ததோ, பிள்ளை?”

“இல்லை ஐயா. நாங்க ஒரு தரம்தான் அனுப்புறது. அதில எல்லாம் சரியெண்டு எழுதியிருக்கு.”

முதலாவது வங்கிக்கு மறுபடி எடுத்தேன். அவர்களும் ஒரு தரம்தான் என்றார்கள். கொடுத்த படிவம் இரண்டு. வந்த ஆட்கள் மூன்று.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். மகன் பையைக் கட்டி, எங்களோடு வீட்டுக்கு வர ஆயத்தமாக இருந்தான். நான் கணக்கைச் சொல்லி, கொஞ்ச நாள் சென்னைக்குப் போய் இரு என்றேன். அவனுக்குக் கோபம் வந்தது.

“அந்தக் கிழவருக்குத் தமிழும் சரியாத் தெரியாது. ஆரையோ பற்றி ஆரோ கேட்டதாயிருக்கும். கணக்கில ஒரு ஆள் கூடினதுக்கு நான் ஊரை விட்டு ஓடுறதோ?”

“அந்த ஒருத்தன் போதும்,” என்றாள் அவன் தாய்.

 அவன் பையை அவிழ்த்துச் சட்டைகளை வெளியே எடுத்தான்.

மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தான். சென்னைக்கு விசா கிடைக்க ஒன்பது நாள். காலி வீதியில் பயண முகவரிடம் போனோம். அட்டையில் கட்டினால் நூற்றுக்கு மூன்று வீதம் கூட என்றார் முகவர். வேறு நாளென்றால் அந்த மூன்று வீதத்துக்காக நான் அரை மணி நேரம் வாதாடியிருப்பேன். அன்று சரி என்றேன். புதிய அட்டையை மகன் நீட்டினான். அதில் நாங்கள் வாங்கிய முதல் சாமான் அந்த ஒருவழிச் சீட்டுத்தான்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை வாடகை வான் ஒன்றில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனான். எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நாங்கள் போகவில்லை. வான் சாரதி நம்பிக்கையானவரா என்று நானாவிடம் மூன்று தடவை கேட்டிருந்தேன். மனைவி தொலைபேசிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். விமானம் சென்னையில் இறங்கவேண்டிய பதினொன்றே கால் ஆனது, பன்னிரண்டு ஆனது. விமான நிலையத்தில் தடுத்து வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்ததை அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் தான் நினைத்ததை எனக்குச் சொல்லவில்லை. ஒன்று இருபத்தைந்துக்கு மணி அடித்தது.

“வந்திட்டனம்மா. சரியான வெயில் இஞ்ச.”

மூன்று மாதம் என்று போனவன் அங்கேயே வேலை எடுத்துக்கொண்டான். பதினேழாம் தேதி வந்தவன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காவலாளியிடம் பல நாள் கேட்டேன். ஒரு நாள் உயரம் என்றார், ஒரு நாள் கட்டை என்றார். அவன் மறுபடி வரவில்லை, அல்லது வந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த அக்டோபர் முடிவில் வங்கியின் கணக்குக் கூற்று வந்தது. சேர்ந்த மைல் நூற்று நாற்பத்துமூன்று. சீட்டுக்கு, அந்த மூன்று வீதத்தோடு, பதினாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. வானுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு. விசாவுக்கும் படத்துக்கும் இரண்டாயிரத்து நானூற்று அறுபது. அட்டையின் ஆண்டுக் கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் இருபத்திரண்டாயிரத்து எழுபத்தேழு ரூபா.