ஒரு பேஸ்பால் வீரரின் வலது தோள்

முடியுமா என்பதை 'கேன்?' என்று கேட்டால், 'கேன்' என்றே பதில் சொல்லும் ஊர் இது. வெளிநாடு வந்து பிரிக்பீல்ட்ஸில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில் நானும் அதைத் தாராளமாகச் சொன்னேன். முயன்று பார்க்கலாம் என்பதுதான் என் மனதில் இருந்த அர்த்தம். தோள் வலிக்குச் சிகிச்சைக்கு வந்த அங்கிள் லியாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அவர் தைவான்காரர். பூச்சோங்கில் மகள் வீட்டில் இருந்தார். பேஸ்பால் கிரிக்கெட் மாதிரியா என்று நான் கேட்டபோது சிரித்தார். பத்தொன்பது வயதில் பந்து எறிய வந்தவர் இருபது ஆண்டுகள் எறிந்தாராம். எதிரணியை ஒரு ஓட்டம்கூட எடுக்க விடாத ஆட்டங்கள், அரங்கம் முழுக்க அவர் பெயர், பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவில் அவர் முகம். கடைசி நான்கு ஆண்டுகள் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டே எறிந்ததை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். இப்போது அலமாரியில் ஒரு தட்டை வைக்கக்கூட அந்தக் கை எழாது. பழைய அணி அவரைக் கௌரவிக்க அழைத்திருந்தது. மைதானத்தில் நின்று ஒரே ஒரு பந்து எறிய வேண்டும். ஆறு வாரத்தில் முடியுமா என்று கேட்டார். கேன் என்றேன்.

மறுநாள் அவர் கொண்டுவந்த ஸ்கேனைப் பார்த்தேன். தசைநார் முழுக்க அறுந்து சுருங்கியிருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, இந்த கிளினிக்கை நடத்தும் மாலா அக்கா என்னைத் தனியே அழைத்தார்.

"நீ கேன்னு சொன்னா, முடியும்னு அர்த்தம் லா. அவரு டிக்கெட்டே போட்டுட்டாரு."

அங்கிளிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தினமும் வந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். அதே நாட்களில் பாளையங்கோட்டையில் அப்பா பைக்கிலிருந்து விழுந்ததில் தோள் மூட்டு நழுவிவிட்டது. வேலை பெர்மிட்டுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் என் கைக்கு வராததால் ஊருக்குப் போக முடியவில்லை. பெற்ற தகப்பனின் தோளைத் தொட முடியாமல், யாரோ ஒருவரின் தோளை மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கிள் போனார், எறிந்தார். பந்து அவருக்கு மூன்றடி முன்னாலேயே விழுந்துவிட்டதாம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். திரும்பி வந்து கிளினிக்கில் இதைச் சொன்னார்.

"தே கிளாப் ஃபார் த ஓல்ட் மீ, மிஸ்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் கிளினிக்குக்கு வரவில்லை.

நேற்று மதிய இடைவேளையில் அப்பாவுக்கு வீடியோவில் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மெல்லக் கையைத் தூக்கினார். கை திரைக்கு வெளியே போய்விட்டது. எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வலியில் சுருங்கிய முகம் மட்டும் தெரிந்தது.

"தூக்கிட்டேன், பாத்தியாம்மா?"

"பாத்தேன்ப்பா," என்றேன்.