வண்டிச் சத்தம்

பல்லடத்தில் எங்கள் விசைத்தறிக் கூடத்துக்குக் காவலாக இருக்கட்டும் என்று ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கி, மணி என்று பெயர் வைத்தேன். நான்கு மாதம் ஆனதும், கால் உறுதிப்படட்டும் என்று தினமும் காலையில் மொபெட்டில் கயிற்றைக் கட்டித் தார்ரோட்டில் ஓடவிட்டேன். பேக்கரி வாசலில் நிற்பவர்கள், "குதிரையாட்டம் ஓடுதுங்க" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

"ஏனுங்க, அது இன்னும் கொழந்தைங்க. தோட்டத்துல அதும்பாட்டுக்கு வெளையாடட்டும், உடுங்க" என்றாள் என் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, அம்மணி" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஒரு நாள் பாதி வழியில் மணி உட்கார்ந்துவிட்டான். சோம்பல் என்று நினைத்து ஹாரன் அடித்தேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்தவன், வீடு வரும்வரை நிற்காமல் ஓடினான்.

சில வாரங்களில் அவனுடைய முன்னங்கால் ஒன்று வளைந்துவிட்டது. கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"எலும்பு முத்தறதுக்கு ஒரு வருசத்துக்கு மேல ஆகுமுங்க. அதுவரைக்கும் மண்ணுத்தரையில தானா ஓடோணும். அது நின்னா நீங்களும் நிக்கோணும். இந்தக் கால் இனி நேராகாதுங்க."

"அது நிக்கவே இல்லீங்களே" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று பாதி வழியில் அவன் உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மணிக்கு இப்போது மூன்று வயது. என்மேல் அவனுக்குக் கோபமே இல்லை. மொபெட் சத்தம் கேட்டால் போதும், எங்கே படுத்திருந்தாலும் நொண்டிக்கொண்டே வந்து, கயிறு கட்டச் சொல்லிக் கழுத்தை நீட்டுகிறான். அதனால் தினமும் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.