டைப்பிஸ்ட் அக்கா போட்ட அடைப்புக்குறிகள்

நிர்வாகவியல் துறையில் டைப்பிஸ்ட் அக்காவுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். பேட்டியின் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு அடிக்க உட்கார்ந்தால் இருமலைக்கூட விடமாட்டார். ஆராய்ச்சி மாணவிக்கு அதுதான் எரிச்சல்.

பாவம், அவள் கவலை அவளுக்கு. எந்த டிரைவரை எந்தத் தடத்துக்கு அனுப்புவது என்று பஸ் டிப்போ கன்ட்ரோலர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதுதான் ஆய்வு. அவருடைய டிப்போவில் மட்டும் விபத்தே கிடையாது. மூன்று பேட்டி எடுத்தாயிற்று. "எல்லாம் அனுபவம்தாம்மா" என்பதைத் தாண்டி மனிதர் வாயைத் திறக்கவில்லை. நாலாவதிலும் ஒன்றும் தேறாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர். நாலு வருஷ உழைப்பு அம்போ.

"அக்கா, நடுவுல நடுவுல 'நாலு விநாடி பேச்சில்லை'ன்னு அடைப்புக்குறி எதுக்கு?"

"அவர் ஏதோ சொல்ல வர்றாரும்மா. மூச்சு இழுக்கிறது கேக்குது. அதுக்குள்ள நீ அடுத்த கேள்விக்குத் தாவிடற. இருபத்திரண்டு இடம், எண்ணிட்டேன். அப்புறம், 'பொதுவா எப்படி முடிவு பண்ணுவீங்க'ன்னா யாருதான் முழிக்க மாட்டாங்க? நேத்து என்ன பண்ணீங்கன்னு கேளு."

மாணவிக்குச் சுருக்கென்றது. தடித்தடிப் புத்தகங்களில் இதெல்லாம் இருக்கத்தான் செய்தது. படித்ததோடு சரி.

நாலாவது பேட்டிக்கு, முதல் நாள் டிப்போவில் நடந்ததை விசாரித்துக்கொண்டு போனாள். "நேத்து ஸ்கூல் வண்டிக்குக் கடைசி நிமிஷத்துல ஆளை மாத்தினீங்களே, ஏன் சார்?"

கன்ட்ரோலர் கூரையைப் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருப்பது மாணவிக்குப் பெரும்பாடாக இருந்தது.

"சாவி வாங்கறப்ப அந்த டிரைவர் என் முகத்தைப் பார்க்கலம்மா. தினமும் ஏதாவது கிண்டலடிச்சுட்டுத்தான் வாங்குவார். வீட்டுல ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு. குழந்தைங்க ஏறுற வண்டியாச்சே..." சட்டென்று நிறுத்தினார். "அட, தினமும் சாவி குடுக்கறப்ப இதைத்தான் பார்த்துட்டிருக்கேனா? எனக்கே இப்பத்தாம்மா தெரியுது!"

அப்புறம் ஒன்றரை மணி நேரம் மடை திறந்த மாதிரி பேசினார். ஆய்வு பிழைத்தது.

பேட்டி எடுத்த முறையைப் பற்றிய அத்தியாயத்தை மாணவி அக்காவின் பெயரோடு கையால் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். பேராசிரியர் புருவத்தைத் தூக்கினார். "டைப்பிஸ்டுக்கு நன்றிப் பக்கத்துல ஒரு வரி போதாதா?"

"முறையே அவங்களோடது சார். அவங்க இல்லன்னா இந்த ஆய்வே இல்ல."

அத்தியாயம் தட்டச்சுக்குப் போனது. மத்தியானம் அக்கா தாளும் கையுமாக வந்து நின்றார்.

"இங்க தப்பா என் பேரு விழுந்திருக்கும்மா. எடுத்துடட்டுமா?"

"தப்பில்லக்கா. உங்க பேருதான் அங்க வரணும்."

அக்கா தாளை இன்னொரு தரம் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இனிஷியலையும் சேத்துக்கறேன்," என்றார். "விட்டுட்ட பாரு."