இருபது கணினிகளுக்கு ஒரு களஞ்சியம்

கிழக்குத் தாம்பரத்தில் உள்ள ஒரு மகளிர் கல்லூரியில் புஷ்பலதா தட்டச்சராகச் சேர்ந்தது 1991-இல். தட்டச்சுப் பொறிகள் பரணுக்குப் போனபோது அவர் ஒதுங்கிவிடவில்லை. மாலை வகுப்பில் கணினி கற்று, ஆய்வகப் பொறுப்பாளரானார். பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து, நடைமேம்பாலம் ஏறி இறங்கி, எட்டே முக்காலுக்கு ஆய்வகப் பூட்டைத் திறப்பார்.

2007 ஜூன் மாதம் அவர் துணிச்சலான காரியம் ஒன்று செய்தார். ஆய்வகத்தின் இருபது கணினிகளிலும் இருந்த விலைக்கு வாங்காத இயங்குதளத் திருட்டுப் பிரதிகளை நீக்கிவிட்டு, பெங்குவினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஃபெடோரா என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவலாம் என்று முதல்வர் தேவானந்தத்துக்கு எழுதிக் கொடுத்து, அனுமதி பெற்று, தாமே நிறுவினார். ஆங்கில உச்சரிப்புப் பாடங்களைத் தவிர எல்லாம் ஒழுங்காக நடந்தன. அப்பாடங்கள் எம்பி3 ஒலிக்கோப்புகள். காப்புரிமைச் சிக்கலால், அவற்றை ஒலிக்கச் செய்யும் ஒலிப்பான் நிரலை ஃபெடோரா, இணையத்தில் மென்பொருள்களைச் சேமித்து வழங்கும் தன் சொந்தக் களஞ்சியத்தில் வைத்திருக்கவில்லை. வெளியார் நடத்தும் களஞ்சியங்களிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும்.

முதல்வர் கெடு விதித்தார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து கேட்பேம்மா. பாடம் கேக்கலேன்னா பழையதையே போடச் சொல்லிடுவேன். உங்களையும் அப்ளிகேஷன் கவுண்டருக்கு மாத்த வேண்டியிருக்கும். கமிட்டிக்கு நான் பதில் சொல்லணுமில்லையா."

அந்தக் கல்லூரியில் சாக்பீஸ் பெட்டி வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் பெற வேண்டும். பதினாறு ஆண்டுப் பழக்கம் புஷ்பலதாவின் கையில் ஊறியிருந்தது. புதன்கிழமை அவர் மூன்று வெளிக் களஞ்சியங்களின் முகவரிகளையும் 'யம்' என்னும் நிரலில் சேர்த்தார். மென்பொருள்களைத் தேடி எடுத்து நிறுவித் தருவது யம்மின் வேலை. மூன்றையும் ஒப்பிட்டு நல்லதை அது தேர்ந்தெடுக்கும் என்று நம்பி, இருபது கணினிகளிலும் ஒரே மூச்சில் ஆணையை ஓட்டிவிட்டார்.

யம் ஒப்பிட்டது பதிப்பு எண்ணை மட்டுமே. எண் எங்கே பெரிதோ, அங்கிருந்து எடுத்தது. ஒலிப்பான் ஒரு களஞ்சியத்திலிருந்தும், அதற்குத் துணையான கோப்புகள் மற்றொன்றிலிருந்தும் வந்து சேர்ந்தன, இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது களஞ்சியம் ஃபெடோராவின் சொந்தக் கோப்புகள் சிலவற்றையே மாற்றி வைத்துவிட்டது. வியாழன் காலை, இருபது கணினிகளிலும் ஒலிப்பான் திறந்தவுடன் மூடிக்கொண்டது.

பராமரிப்புக்கு வரும் லோகநாதன் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா மேடம், உங்க பெங்குவின் இன்னும் வாயே தொறக்கல போல."

"தொறக்குது. உடனே மூடிக்குது."

"பேஜாரு புடிச்ச வேலை மேடம் இது. பழைய சிடி பையிலயே கீது. ஒரு வார்த்தை சொல்லுங்க, சாயங்காலத்துக்குள்ள இருவதும் பாடும்."

"அது திருட்டு சிடி, லோகநாதன்."

"ஊரே அதுலதான் ஓடிக்கினு கீது. நீங்க மட்டும் ரசீது கேக்குறீங்க."

"கேக்கத்தான் செய்வேன். நாலாம் நம்பர் மவுஸைப் பாத்துட்டுக் கெளம்புங்க."

அவர் போனபின் புஷ்பலதா முதல் கணினியை மட்டும் எடுத்துக்கொண்டார். எந்தக் கோப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்துத் தாளில் எழுதினார். நாற்பத்தொரு வரிகள் வந்தன. மூன்று முகவரிகளையும் நீக்கினார். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்குத் திரும்ப யம் இணங்கவில்லை. ஆகவே ஃபெடோராவின் நிறுவல் வட்டிலிருந்த பழைய கோப்புகளை வேறோர் ஆணையால் வலிந்து மேலே ஏற்றினார். கணினி பழைய நிலைக்கு வந்தது.

பிறகு ஒரே ஒரு களஞ்சியத்தைச் சேர்த்தார். ஒலிப்பானும் துணைக் கோப்புகளும் ஒன்றாகவே தந்ததும், ஃபெடோராவின் கோப்புகளைத் தொடுவதில்லை என்று அறிவித்திருந்ததும் அதுதான். கோப்புகள் அசலானவை என்று உறுதிசெய்யும் அதன் கையொப்பச் சாவியைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார். யம்முக்கு முன்னுரிமை வரிசை வகுக்கும் ஒரு துணைநிரல் இருந்தது. அதில் ஃபெடோராவுக்கு எண் ஒன்று, வெளியாருக்கு எண் பத்து என்று குறித்தார். இனி பதிப்பு எண் எவ்வளவு பெரிதானாலும் சொந்தக் களஞ்சியத்தில் உள்ளதை வெளியார் மாற்ற முடியாது.

பிற்பகல் இரண்டரைக்கு, காதொலிப்பானில் ஒரு பெண்குரல் நிதானமாக ஆங்கில உயிரொலிகளைச் சொல்லத் தொடங்கியது. புஷ்பலதா அந்தப் பாடத்தை முழுவதும் கேட்டார். கணினியை நிறுத்தி, மறுபடி இயக்கி, மீண்டும் ஒரு முறை கேட்டார். அதன் பிறகே இரண்டாவது கணினிக்கு நகர்ந்தார். இம்முறை ஒரே மூச்சில் எதையும் ஓட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல்வர் வந்தார். ஐந்தாறு இடங்களில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பதினான்காம் கணினியின் முன் நின்றார்.

"இதுல ஒண்ணுமே வரலியே?"

"அது இன்னும் முடியல சார். மத்த பத்தொம்பதும் பேசுது. இத மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"வெளியார்கிட்டேர்ந்து எடுத்திருக்கீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"என் பொறுப்பு சார். இனிமே நான் கையெழுத்துப் போடாம இங்க யாரும் புது முகவரி சேர்க்க முடியாது. கடவுச்சொல்லை மாத்திட்டேன்."

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான் சார்."

முதல்வர் காதொலிப்பானைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, திங்கட்கிழமை வகுப்பு வச்சுக்கச் சொல்றேன்" என்றபடி வெளியேறினார்.

புஷ்பலதா நாற்காலியைப் பதினான்காம் கணினிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, நிறுவல் வட்டை உள்ளே செருகினார்.