பிரஸ் பட்டன் வைத்த உறை

வேட்டைக் கத்தியின் வயதைக் கத்தி சொல்லாது, உறைதான் சொல்லும். அறுபதுகளில், கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் இருந்த என் பழம்பொருள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதை ஓதிக்கொண்டிருந்தேன். செப்பு ஆணி அடித்து, வாரும் கொக்கியும் வைத்த தோலுறை என்றால் ரெண்டாம் உலகச் சண்டைக்கு முந்தியது. பிரஸ் பட்டன் வைத்தது என்றால் சண்டை முடிந்து சில வருஷம் கழித்து வந்தது. தப்பவே தப்பாது என்று மேசையைத் தட்டுவேன். கத்தி சேகரிக்கிற கப்பல்காரர்கள் தலையாட்டுவார்கள். என் குரல் பக்கத்து மிளகுக் கிடங்கு வரைக்கும் போகிறதென்று யார் கண்டது?

அங்கே மிளகு புடைக்கிற சேச்சியின் கணவர் சண்டைக் காலத்தில் ஓர் எஸ்டேட் துரையோடு வேட்டைக்கு மலையேறியவர். திரும்பவில்லை. ஆனை அடித்திருக்கும் என்றார்கள். சேச்சி பொட்டை அழித்தாள். ஒவ்வொரு கர்க்கடக வாவுக்கும், அதாவது ஆடி அமாவாசைக்கும், ஆலுவா ஆற்றில் அவருக்குப் பிண்டபலி போட்டு வந்தாள்.

ஒரு மழைநாளில், தேயிலை லாரிக்காரர் மலையிலிருந்து கொண்டுவந்த பழைய சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தேன். சாயா குடிக்கக் கிளம்பிய சேச்சி என் கடை வாசலில் நின்றுவிட்டாள்.

"அது அவரோட கத்தி." உள்ளே வந்து, கைப்பிடியில் சுற்றியிருந்த செப்புக் கம்பியைத் தொட்டாள். "இடக்கை முறுக்கு. அவர்தான் இப்படிச் சுத்துவார்."

நான் பக்கத்தில் கிடந்த உறையைப் பார்த்தேன். பிரஸ் பட்டன். மாங்காய் திருடிய பயல் மாதிரி அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அந்த உறைக்குள் நுழைய வழியிருந்தால் நானே நுழைந்திருப்பேன்.

"தம்பி, உறையைக் காட்டு."

"முதல்ல ஒரு சாயா குடிக்கலாம் சேச்சி. என்ன மழை பாருங்க..."

"காட்டுடா."

காட்டினேன்.

"பட்டன் வச்சதுன்னா சண்டை முடிஞ்சு வந்ததுன்னு நீதானே தெனமும் தொண்டை கிழியக் கத்தறே?"

"நான் சொல்றதையெல்லாம் யாராவது நம்புவாங்களா? மழைக்காலத்துல தோல் பட்டா இரும்பு துருப்பிடிக்கும்னு கத்தியையும் உறையையும் தனித்தனியா வைப்போம், அல்லே? மாறிப்போச்சு. இது வேற கத்தியோட உறை."

பொய் அருமையாக அமைந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் எல்லாக் கடையிலும் நடக்கிறதுதான். நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

சேச்சி உறையைத் திருப்பினாள். தையல் விட்ட ஓரத்தைச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. அதே இடக்கை முறுக்கு.

"இருந்திருக்கார்," என்றாள். "இருந்துக்கிட்டே வரலை."

அவள் கத்தியை உறையில் போட்டு, பட்டனை அழுத்தி மூடி, என் மேசையில் வைத்துவிட்டு மழையில் இறங்கினாள்.

அந்தக் கர்க்கடக வாவுக்கு அவள் ஆலுவாவுக்குப் போகவில்லை. பொட்டும் வைத்துக்கொள்ளவில்லை.