தகப்பனுக்காகப் பேசிய அண்ணன்

“…வேற ஆளை நிறுத்தினா உங்க வாப்பாவை உரிச்சுப் போட்டுருவான், தம்பி. ஆளே இல்லாம ஓட்டினா சனங்க கொட்டகையைப் பிரிச்சுருவாங்க. நான் என்னதான் செய்யட்டும், நீங்களே சொல்லுங்க” என்றார் பயாஸ்கோப்புக் கொட்டகை முதலாளி மரைக்காயர், ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு. அண்ணனுக்குக் குரல் போய்விட்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. நான் குனிந்து காது கொடுத்தேன். “அவரை யாரும் ஏசக் கூடாது” என்பதுதான் அது. அதை எடுத்துச் சொன்னதும் மரைக்காயர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவர் போய் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் அண்ணனின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டுப் பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்குப் பாதிக் கதைதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதிகம் படியாதவன் நான். தையல் மிஷினில் உட்கார்ந்து, வந்தவர் போனவர் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். பிழையிருந்தால் பெரியவர்கள் பொறுக்க வேண்டும்.

அண்ணன் பிறந்த ஊர் காரைக்கால். அவர் என் பெரியம்மாவின் மகன். பிரான்சிலிருந்து நாடகம் போட வந்த ஒரு கூட்டத்தில் இளவயது நடிகர் ஒருவர் இருந்தார். அவர் பெரியம்மாவை மாதா கோயிலில் வைத்து, சாமியார் கையால் ஆசீர்வாதம் வாங்கி, முறையாகத் தாலி கட்டினார். இதை இங்கே அழுத்தி எழுதுவதற்குக் காரணம், ஊர் வாய் வேறு விதமாகவும் பேசியிருக்கிறது என்பதுதான். கைக்குழந்தையாக அண்ணன் இருந்தபோது நாடகக் கூட்டம் கப்பலேறியது. “தமிழ்ல அந்த மனுசன் சுத்தமாப் பேசக் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், ‘போயிட்டு வாறேன்’” என்பார் அம்மா. அவர் வரவில்லை. பெரியம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை கிடைத்தபோது, அம்மா அண்ணனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கப்பலேறினார். நான் பிறந்தது இங்கேதான், பசுந்தாங் பேட்டையில். ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம்.

பூனைக் கண்ணும் செம்பட்டை முடியுமாக ஆலைக் குடியிருப்பில் வளர்வது லேசான காரியமா? “ஏ துரை மவனே, உங்கப்பன் எப்படா மோட்டார்ல வருவான்?” என்று கேட்காத வாய் கிடையாது. அண்ணன் சண்டைக்குப் போக மாட்டார். “வழியில டயரு வெடிச்சுப் போச்சாம், ஒட்டிக்கிட்டு இருக்காரு” என்பார். கேட்டவனே சிரித்துவிடுவான்.

இதற்கிடையே அந்த மனிதர் பாரிசில் பெரிய நடிகராகிவிட்டார். பிரெஞ்சுக் கப்பலில் வேலை செய்த காரைக்கால்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மேடையில் பேரெடுத்து, ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்த பிறகு பயாஸ்கோப்பிலும் நடிக்கிறாராம். தெருவில் இறங்கினால் சனம் கூடிவிடுகிறதாம். அண்ணன் கேட்டுக்கொள்வார். கடுதாசி எழுதச் சொன்னோம். “எழுதி என்னத்தைக் கேக்குறது?” என்று விட்டுவிட்டார்.

அண்ணனுக்கு வாய்த்த சொத்து அவர் குரல். அலோன் துறைமுகத்தில் படகுகளைக் கூப்பிட்டு வரிசையில் விடும் வேலை பார்த்தார். அவர் கூப்பிட்டால் ஆற்றின் நடுவே போகிறவன் துடுப்பை நிறுத்துவான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாகூர் மரைக்காயர் அவரைத் தம்முடைய பயாஸ்கோப்புக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். படத்தில் வருகிறவர்கள் வாயசைப்பார்களே தவிரப் பேச மாட்டார்கள். நடுநடுவே வரும் எழுத்து இங்கிலீஷில் இருக்கும். ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கி ஓய்ந்து வருகிற நம் சனங்களுக்கு அது எப்படிப் புரியும்? ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் தகரக் குழாயை வாயில் வைத்து நின்று எல்லாருக்குமாகத் தமிழில் பேச வேண்டும். ராசாவும் அவர்தான், ராணியும் அவர்தான், குதிரையும் அவர்தான். கெட்டவன் வந்தால் சனங்களை உசுப்பிவிட வேண்டும். அவர்கள் எழுந்து நின்று திரையைப் பார்த்து ஏசிக் கடலைத்தோலை வீசினால்தான் நல்ல ஆட்டம் என்று பெயர். அதில் அண்ணனுக்கு நிகராக ரங்கூனில் ஆள் இருக்கவில்லை. “நீங்க பேசுற படத்தைப் பார்த்தா, வீட்டுக்காரரு மேல உள்ள கோபமெல்லாம் தீந்துபோகுது” என்று ஒரு பெண்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டதை நானே பார்த்தேன்.

இப்படி இருக்கையில் பிரான்சுப் படம் ஒன்று வந்தது. சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்த அம்மா, நடுத்தெருவில் நின்றுவிட்டார். “அந்த ஆளுதாண்டா. எங்கக்கா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கோயில் படி எறங்கின அதே மூஞ்சி.” அண்ணன் கிட்டே போய்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு நெடுநேரம் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் படத்தில் அவர்தான் கெட்டவர். பெண்டாட்டி பிள்ளையைக் கைவிட்டுக் கப்பலேறுகிறவர். துறைமுகத்தில் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஏறுகிறார். வேறு படமாக இருந்தால் அண்ணன் கொட்டகையையே கிடுகிடுக்க வைத்திருப்பார். அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா? “கப்பல் ஊதுது மவனே, ஈரக் காத்துல நிக்காத, உள்ளே போ, உள்ளே போ…” என்று தழுதழுக்கச் சொன்னார்.

கொட்டகை திகைத்தது. “என்னய்யா, தள்ளுறானா, தடவுறானா? கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?” என்று ஒருவன் கத்தினான். கடலைத்தோல் முதன்முறையாக அண்ணன் மேல் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் மரைக்காயர் வந்தார். “படத்துல ஒண்ணு நடக்குது, உங்க வாயில ஒண்ணு நடக்குதே, தம்பி!” அண்ணன் அப்போதுதான் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டே, “சரி, பேசுங்க” என்று மட்டும் சொன்னார்.

தினமும் பேசினார். தினமும் ஏச்சு வாங்கினார். அதற்கு முன்பே அவருக்கு இருமல் இருந்தது. துணியில் ரத்தம் பார்த்த டாக்டர் பேசவே கூடாது என்று தடுத்திருந்தார். ஆனால் அண்ணன் ஒரு நாள் போகாவிட்டால் க்யிம்யிண்டைங் பேட்டையிலிருந்து வேறு ஆள் வந்து பேசுவான். அவன் கெட்டவனைக் கிழிப்பதற்கே பேர்போனவன். அதற்குப் பயந்தே அண்ணன் படுக்கையிலிருந்து எழுந்து எழுந்து போனார். எனக்குத் தாங்கவில்லை. “அண்ணே, அந்த மனுசன் ஒன்னைத் திரும்பிப் பார்த்தாரா? அவருக்காக நீ ஏன் சாகுற?” என்று கேட்டுவிட்டேன். “பார்க்காட்டி என்னடா? ஊரு கூடி ஏசும்போது நான் வாயை மூடிக்கிட்டு நிக்கவா?” என்றார். அதற்கு மேல் இருமல் பேசவிடவில்லை.

கடைசியில் திரைக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மரைக்காயர் வந்து பேசிவிட்டுப் போன மறுநாள் விடியற்காலையில், அம்மாவின் கையைப் பிடித்தபடி அண்ணன் கண்ணை மூடினார். கலியாணம் ஆகாதவர். அவருக்குப் பின்னால் அழ ஒரு பிள்ளை இல்லை. அந்தப் பாயில் இப்போது நான் மட்டும் படுக்கிறேன்.

கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சாமியாருக்கும், கேட்காமலே பெட்டி சுமந்த அலோன் துறைமுகத் தோழர்களுக்கும், அடக்கத்தன்று கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்த கீழ்வீட்டுப் பர்மாக்காரி மா கினுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மா கின் அம்மாவிடம், “ஒங்க மவன் பேசினது எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா வந்து ஒக்காந்துருப்பேன்” என்று உடைந்த தமிழில் சொன்னதை மறக்க முடியவில்லை.

மரைக்காயருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அன்று மாலை, “போய்ப் பாரு” என்று அண்ணன் சைகை காட்டியதால் நானும் கொட்டகைக்குப் போனேன். பேசுவதற்கு ஆள் வைத்திருக்கவில்லை. கூட்டம் கூச்சல் போட்டது. மரைக்காயரே குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். “இந்தப் படத்துல வர்ற மனுசன் நம்ம தம்பியோட வாப்பா. தம்பி ஆஸ்பத்திரியில கெடக்காரு. ஏசணும்னு தோணினா வெளியே போயி என்னை ஏசுங்க” என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. படம் பேச்சில்லாமல் ஓடியது. துறைமுகம் வந்தது. பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. மரைக்காயர் குழாயை வாய்க்குக் கொண்டுபோனார். குழாயைக் கீழே வைத்தார். பெரிய சரீரம் அவருக்கு. நேரே நடந்து போய், திரைக்கு முன்னால், வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நின்றார். அந்தத் தகப்பன் தள்ளியது திரையில் விழாமல் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் விழுந்தது.